பச்சை மண்

ஆடிக்கொண்டிருந்த பல் ஆடவில்லை.

ஓவியக்காரி மகளின் வாயைத் திறக்கச் சொல்லி, சுட்டுவிரலை வைத்து இன்னொரு தடவை அசைத்துப் பார்த்தாள். மேல்வரிசையில் இடதுபக்கத்து முன்பல். போன வாரம்வரை நூலில் தொங்குவதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. சாப்பிடும்போது ஒரு பக்கம், பேசும்போது ஒரு பக்கம் என்று சாய்ந்து வீட்டையே சிரிக்க வைத்தது. கப்பலில் வேலை பார்க்கும் அப்பாவுக்கு அதை நாக்கால் தள்ளிக் காட்டாமல் ஒரு நாள்கூட வீடியோ அழைப்பு முடிந்ததில்லை. இன்றோ, விழவே மாட்டேன் என்பதுபோல் ஈறில் அழுத்தமாக உட்கார்ந்திருந்தது.

"என்னடி பட்டாணி, பல்லு கெட்டியாயிடுச்சு?"

"ஒட்டிக்கிச்சும்மா," என்றாள் மகள். ஏழு வயது. உருண்டை முகத்துக்காகக் கைக்குழந்தையாக இருந்தபோதே ஒட்டிக்கொண்ட பெயர் பட்டாணி. "நீங்க கவலப்படாதீங்க."

நீங்க. இதுவும் ஒரு வாரமாகத்தான். அதற்கு முன்னால் அம்மா என்றால் நீ, வா, போதான்; கோபம் வந்தால் 'போடி' கூட உண்டு. பள்ளிக்கூடத்தில் மரியாதை சொல்லிக்கொடுக்கிறார்கள் போலிருக்கிறது என்று ஓவியக்காரி நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள். இன்றைக்கு என்னவோ அந்தச் சொல் செருப்புக்குள் புகுந்த கல்லாக உறுத்தியது. ஆனால் உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. சாயங்காலம் தம்பி வந்து படத்தைப் பெட்டியில் அடைக்கிறான், காலையில் லாரி வருகிறது. பல்லை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பையை எடுத்து மகளின் தோளில் மாட்டினாள்.

இந்த வீட்டில் எல்லாமே நாலு மாதமாக 'நாளைக்கு'த்தான். காரணம் மாடியில் இருந்த படம். ஊருக்கு வெளியே, காலியாகக் கிடந்த பழைய துறவி மடம் ஒன்றை ஓவியக் கூடமாக்கியிருந்தார்கள். எண்ணூறு வருடத்துக்கு முந்தைய புனிதர் கதைகளை இன்றைய உடையில், இன்றைய தெருவில் வரைய வேண்டும் என்று ஏழு ஓவியர்களைக் கேட்டிருந்தார்கள். இவள் பங்குக்கு வந்தது கயிற்றம்மை கதை. அதற்கென்று ஒரு சிறு புத்தகமும் கொடுத்தார்கள். இவள் எதையும் கடைசிப் பக்கம்வரை படிக்கிற ரகமில்லை. முதல் இரண்டு பக்கத்திலேயே படம் மனதில் வந்துவிட்டது. புத்தகம் சாயத் துணிகளுக்கு அடியில் போய்விட்டது.

அந்த இரண்டு பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான். ஒரு நகரத்தில் கொள்ளைநோய். ஒரு கன்னித்துறவி பன்னிரண்டு பிள்ளைகளை ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மடத்தில் வைத்துக் காப்பாற்றினாள். நோய் தணிந்ததும், உறைந்துபோன ஆற்றின் மேல், மூடுபனியில், ஒரே கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி அவர்களைத் திரும்ப நடத்தி வந்தாள். கிளம்பும்போது பன்னிரண்டு. கரையேறி எண்ணினால் பதிமூன்று. கூட வந்தது தெய்வக் குழந்தை.

ஓவியக்காரி ஆற்றைச் சாலையாக்கினாள். பனியை வண்டிப் புகையாக்கினாள். துறவியம்மை ஆரஞ்சு மேலங்கியும் கையில் 'நில்' பலகையுமாக, பள்ளிக்கூட வாசலில் போக்குவரத்தை நிறுத்தும் பெண்மணி ஆனாள். அவளுக்குப் பின்னால் புத்தகப் பையும் மழைக்கோட்டுமாகப் பிள்ளைகள், ஒரு கயிற்றைப் பிடித்தபடி. முகங்களுக்கு மட்டும் அந்தக் காலத்து வழியையே எடுத்துக்கொண்டாள். அவர்கள் முகத்தில் முதலில் தோல் நிறத்தை வைக்க மாட்டார்கள். பச்சை மண்ணைக் குழைத்து முழு முகத்தையும் தீட்டி, அது காய்ந்த பிறகுதான் மேலே இளஞ்சிவப்பு. அப்போதுதான் கன்னத்தின் கீழ் ரத்தம் ஓடுவது தெரியும். பன்னிரண்டு முகத்துக்கும் உயிர் கொடுத்துவிட்டு, பதிமூன்றாவதை வெறும் பச்சையாகவே விட்டுவிட்டாள். கண் இருக்கும் இடத்தில் நிழல், வாய் இருக்கும் இடத்தில் நிழல். தெய்வக் குழந்தை யாராகவும் இருக்கலாம் அல்லவா என்று கூடத்துப் பொறுப்பாளரிடம் ஃபோனில் சொன்னபோது அந்த அம்மாள் அசந்துபோனார்.

"பேரு நல்லாத்தான் இருக்கு, பச்ச மண்ணு," என்று தம்பி அப்போது கேலி செய்தான். "நீ இங்க ஒரு பச்ச மண்ண மணிக்கணக்கா நிக்க வெக்கிறியே, அதக் கேக்க ஆளில்ல."

அவன் சொன்னதும் நிஜம்தான். பதிமூன்று உடம்புக்கும் நின்றது பட்டாணிதான். அதற்கென்று வீட்டில் ஒரு விளையாட்டு இருந்தது. 'சிலை' என்றால் நின்றபடி நிற்க வேண்டும். 'விடு' என்று சொல்லும்வரை மூக்கு அரித்தாலும் கையைத் தூக்கக் கூடாது. விதி இருவருக்கும் பொது. பட்டாணி 'சிலை' என்றால் அம்மாவும் கரண்டியும் கையுமாக அடுப்பு முன் நின்றே ஆக வேண்டும். பால் பொங்கி வழிந்த நாளும் உண்டு.

கடைசியாக நிற்க வைத்தது எட்டு நாள் முன்பு, பதிமூன்றாவது பிள்ளைக்காக. கயிற்றின் கடைசி முனையைப் பிடித்து, பல்லை நாக்கால் ஆட்டிக்கொண்டே நின்றாள். பாதியில் ஓவியக் கூடத்திலிருந்து ஃபோன். மாடியில் சரியாகக் கேட்கவில்லை என்று ஓவியக்காரி பேசிக்கொண்டே கீழே இறங்கினாள். முக்கால் மணி நேரம் பேச்சு. திரும்பிப் பார்த்தால் மகள் சமையலறை மேசையில் கைகளை மடிமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். "அட, நீயே வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

அன்று ராத்திரியே, இதுவே போதும் என்று படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். எந்தப் படத்தையும் முடித்ததும் ஒரு வாரம் பார்க்காமல் வைப்பது அவள் வழக்கம். பார்த்தால் கை சும்மா இருக்காது என்று, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சக்கரம் வைத்த சட்டத்தைத் தள்ளினாள். எட்டு நாளாகப் படம் சுவரைப் பார்த்தபடி இருந்தது.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"உங்க பொண்ணு இப்பல்லாம் அவ்வளவு சமத்து. வரிசையில நில்லுன்னா நின்ன எடத்துல நிக்கிறா. ஆனா நேத்து பெல் அடிச்சு எல்லாரும் போன பிறகும் நின்னுட்டே இருந்தா. நான் போய்த் தொட்டதுக்கப்புறம்தான் நகர்ந்தா." டீச்சர் குரலைத் தணித்தார். "கை சில்லுன்னு இருந்துச்சு. ஒடம்புக்கு ஏதாச்சும்...?"

"ஒண்ணுமில்ல டீச்சர். நாளைக்கு டாக்டர்கிட்டக் காட்டறேன்."

வீட்டுக்கு வரும் வழியில் நடைபாதைக் கற்களில் கறுப்பை மிதிக்காமல் தாண்டித் தாண்டி வருவது பட்டாணியின் வழக்கம். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, தோள்பட்டையே கழன்றுவிடும்போல் தொங்குவாள். இன்று கறுப்பு, வெள்ளை எல்லாவற்றையும் சமமாக மிதித்து, ஓரடி பின்னால், ஒரே வேகத்தில் வந்தாள். அவள் கைக்குள் இருந்த அந்தக் கை குளிர்ந்திருந்தது. வியர்வை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. ஓவியக்காரி அந்த விரல்களைத் தடவிப் பார்த்தாள். வெட்டி எட்டு நாளாகிறது. நகம் ஒரு நூல்கூட வளரவில்லை.

வீட்டு வாசலில் குனிந்து ஷூவைக் கழற்றிவிடும்போது மகளின் தலைமுடியிலிருந்து ஒரு வாசனை வந்தது. எண்ணெய் வாசனைதான், ஆனால் தலைக்கு வைக்கிற எண்ணெய் இல்லை. சாயம் குழைக்கிற ஆளிவிதை எண்ணெயும் ஈர மண்ணும் கலந்த வாடை, மாடியில் நாலு மாதமாக அவள் மூச்சோடு மூச்சாகப் பழகிய வாடை. மாடிக்கு மகள் போய் எட்டு நாளாகிறதே என்று எண்ணியபடி காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். தோலில் ஒரு பச்சைக் கீற்று இருந்தது.

கட்டைவிரலை எச்சிலில் நனைத்துத் தேய்த்தாள். போகவில்லை. அழுத்தித் தேய்த்தாள். பச்சை தோலின் மேல் இல்லை. அடியில் இருந்தது.

"வலிக்குதாடி?"

"இல்லம்மா. நீங்க தேய்ங்க."

அவள் தேய்ப்பதை நிறுத்திவிட்டாள். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறாயே, உனக்கென்ன பைத்தியமா என்று தன்னையே திட்டிக்கொண்டு, மகளைச் சமையலறை மேசையில் வரைகிற நோட்டோடு உட்கார வைத்தாள். மகள் பென்சிலைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டாள். எதுவும் வரையவில்லை.

நாலரை மணிக்குத் தம்பி வந்தான். தச்சன், ஓவியங்களுக்குப் பெட்டி அடிப்பதுதான் அவனுக்குப் பாதிப் பிழைப்பு. பலகைகளை மாடிப்படியில் இடித்து இடித்து ஏற்றும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டான்.

"என்னக்கா, பட்டாணிக்கு என்ன ஆச்சு? மாமான்னு கூப்பிட்டுட்டு எந்திரிச்சு நிக்கிறா. போன தடவ தோள்ல ஏறி என் காதக் கடிச்சவ."

"பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அடேங்கப்பா. அந்தப் பள்ளிக்கூடத்துல உன்னயும் சேத்து விடணும்."

மாடியறை பழைய அச்சுக்கூடம். ஒரே ஒரு பெரிய ஜன்னல், அதில் சாயங்கால வெளிச்சம் அழுக்கு மஞ்சளாகத் தேங்கி நின்றது. படத்தின் முதுகும் சட்டக் கட்டைகளும் அவர்களைப் பார்த்திருந்தன. தம்பி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம் பிடித்துச் சட்டத்தைத் திருப்பினார்கள். சக்கரம் கிரீச்சிட்டது.

தம்பி நாலடி பின்னால் போய் நின்று, இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். கயிற்றின் கடைசிக்கு வந்ததும் சீட்டியடித்தான்.

"இதுக்குத்தான் இத்தன நாள் மூடி வெச்சிருந்தியா? வெறும் பச்சையா விடப் போறேன்னு சொன்னியே. எப்பக்கா முடிச்ச இந்த மூஞ்சிய?"

அவள் பார்த்தாள்.

"அப்படியே பட்டாணி. அச்சு அசல். மத்த பன்னெண்டும் படம் மாதிரி இருக்கு, இவ மட்டும்..." அவன் தலையைச் சொறிந்தான். "ஆனா ஏன்க்கா அழற மாதிரி போட்டிருக்க?"

நான் போடவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் சிரிப்பான். அவன் அதற்குள் சாயத் துணிகளை ஒதுக்கி, பெட்டிக்கு இடம் பண்ணிக்கொண்டிருந்தான். துணிக்கு அடியிலிருந்து அந்தச் சிறு புத்தகம் கிடைத்தது.

"இதுதானா கத? தெய்வக் குழந்தன்னா சிரிக்கணுமே, ஏன் அழுதுன்னு பாப்போம்." ஜன்னல் பக்கம் சாய்ந்து, மூன்றாம் பக்கத்தைத் திருப்பி, பள்ளிக்கூடப் பையன்போல எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தான். "'கரையில் காத்திருந்த பன்னிரண்டு தாய்மாரும் தத்தம் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றனர். ஒரு குழந்தை மிஞ்சியது. என் அம்மா அதோ போகிறாள் என்று அது ஒருத்தியைக் காட்டி அழுதது. அந்தத் தாயோ திரும்பிப் பார்த்து, என் மகள் என் கையில் இருக்கிறாளே என்றாள். மிஞ்சிய குழந்தையே தெய்வம் எனத் தெளிந்த துறவிகள், அது நின்ற இடத்திலேயே அதைச் சுற்றிச் சுவர் எழுப்பிக் கோயில் கட்டினர். மூன்று நாள் உள்ளிருந்து பாட்டுக் கேட்டது.'"

அவன் புத்தகத்தை மூடினான்.

"பாட்டாம். நல்ல பாட்டு." குரலில் கேலி குறைந்திருந்தது. "சரி, நான் போய் மூடியும் ஸ்க்ரூவும் வண்டியிலேர்ந்து எடுத்தாறேன். நீ வழக்கம்போல நின்னு விடை குடுத்துக்க. தொந்தரவு பண்ண மாட்டேன்."

அதுவும் அவள் வழக்கம்தான். படம் வீட்டைவிட்டுப் போகும் முன் அதன் எதிரில் தனியாகக் கொஞ்ச நேரம் நிற்பாள். அப்போது யாரும் பேசக் கூடாது, தொடக் கூடாது. இருபது வருடமாகத் தம்பிக்குத் தெரியும். அவன் காலடிச் சத்தம் படியில் இறங்கித் தேய்ந்தது.

அவள் படத்தின் அருகில் போனாள். ஆளிவிதை எண்ணெய் வாடை இல்லை. அதற்குப் பதில் வந்த வாசனையை அவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்: வியர்வையும் சோப்பும் பென்சில் தூளும் கலந்த, பள்ளிவிட்டு வந்த பட்டாணியின் கழுத்து வாசனை. அவள் கலக்காத சிவப்பு அந்தக் கன்னத்தில் இருந்தது. நெற்றி முடி கண்ணில் விழும் அளவுக்கு வளர்ந்திருந்தது. கயிற்றைப் பிடித்த விரல்களில் நகம் நீண்டு, ஓரத்தில் அழுக்கு. இறுக்கிப் பிடித்ததில் மூட்டுகள் வெளுத்திருந்தன.

மற்றப் பிள்ளைகள் சாலையைப் பார்த்தார்கள். இது அவளைப் பார்த்தது.

வாய் லேசாகத் திறந்திருந்தது. மேல்வரிசையில், இடதுபக்கம், ஒரு இடைவெளி.

அவள் குனிந்தாள்.

சட்டத்தின் அடியில், தரையில், தூசியில், வெள்ளையாக. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. வேர்ப்பக்கம் சிவப்பு. ஈரச் சிவப்பு.

விழுந்துவிட்டதா, கண்ணே. விழுந்துவிட்டதா. நான் பார்க்கவில்லையே.

எட்டு நாள். சுவரைப் பார்த்தபடி. கை வலித்திருக்கும். கால் வலித்திருக்கும். அம்மா இன்னும் 'விடு' சொல்லவில்லையே. சொல்லாமல் விடக் கூடாதே. கீழே அம்மா யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கோ தலைவாரிவிட்டாள். யாரையோ கட்டிக்கொண்டு தூங்கினாள்.

ஒரு சொல். ஒரே ஒரு சொல் போதும்.

அவள் நிமிர்ந்தாள். மூச்சை இழுத்தாள். உதடு பல்லைத் தொட்டது.

குளிர்ந்த சிறு கை ஒன்று அவள் கைக்குள் நுழைந்தது.

"சிலை," என்றது.

உதடு பல்லைத் தொட்டபடியே நின்றது. மூச்சு உள்ளேயே நின்றது, பிறகு தானாக, மெல்ல, சத்தமில்லாமல் வெளியே போனது. கண்ணைத் திருப்ப முடியவில்லை. விரலை மடக்க முடியவில்லை. விதி இருவருக்கும் பொது.

படியில் தம்பியின் காலடி. மூடிப்பலகை சுவரில் உரசும் சத்தம். தம்பி. வந்துவிட்டான். என்னைத் தொடு. என்னை உலுக்கு. படத்தில் அவள் முகத்தைப் பார், தம்பி.

"அம்மா இன்னும் முடிக்கலயா?" என்று அவன் கிசுகிசுத்தான்.

"பாத்துட்டிருக்காங்க மாமா. நீங்க பண்ணுங்க."

"சரி சரி." அவன் பூனை நடை நடந்தான். அக்காவுக்கும் படத்துக்கும் நடுவே வராமல், பக்கவாட்டில் நின்று, பெட்டியின் சட்டங்களைப் பொருத்தினான். பஞ்சுத் தாளை விரித்து வலது ஓரத்திலிருந்து போர்த்தினான். முதலில் மூடியது அந்த முகம்தான். தாள் கண்ணை மறைக்கும்வரை அது அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூடி ஏறியது. முதல் ஸ்க்ரூ. இரண்டு. மூன்று. இயந்திரம் உறுமி உறுமி ஓய்ந்தது. அவள் அந்த ஒரு எழுத்தைத் தள்ளினாள். வி. தொண்டையிலிருந்து தள்ளினாள். வயிற்றிலிருந்து தள்ளினாள். ஏழு. எட்டு.

எட்டாவதோடு தம்பி நிறுத்தினான். தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"இங்க எலி கிலி இருக்காக்கா?"

கேட்டபடியே திரும்பினான். அக்காவின் கன்னத்தில் நீர் வழிவதைப் பார்த்தான். எதற்கும் அழமாட்டாளே, இந்தப் படத்தின்மேல் இவளுக்கு இவ்வளவு பாசமா என்று மனம் இளகி, பார்வையைத் திருப்பிக்கொண்டு, மீதி ஸ்க்ரூக்களைச் சீக்கிரம் சீக்கிரமாக முடுக்கினான். பதினாறு.

"லாரிக்காரங்க காலைல ஏழுக்கு வந்துடுவாங்க பட்டாணி. அம்மாகிட்டச் சொல்லிடு. நான் கெளம்பறேன்."

"சொல்றேன் மாமா."

படி. வாசல். வண்டி கிளம்பிப் போகும் சத்தம்.

ஜன்னலில் மஞ்சள் போய்ச் சாம்பல் வந்தது. பெட்டியின் பலகைக்குப் பின்னால் ஏதோ மெல்லிசாகக் கேட்டது. கேட்பவர்களுக்குப் பாட்டுப்போல இருக்கும். அவளுக்கு அது என்னவென்று தெரியும்.

பக்கத்தில் நின்றது அவள் கையை விட்டுக் குனிந்தது. தரையிலிருந்த பல்லை எடுத்து, மிஞ்சிய வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு அம்மாவின் உள்ளங்கையை விரித்து, அதில் பல்லை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது.

"பத்திரமா வெச்சுக்கோங்கம்மா."

பல் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.